அரை நாள் பள்ளியும் அம்பத்தூர் லேத்தும்

ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவில் சேருகிற பையனுக்கு எடுத்த எடுப்பில் மிஷினைத் தொட விடமாட்டார்கள். கையில் ஓர் அரத்தைக் கொடுத்து, வைஸில் ஓர் இரும்புத் துண்டைக் கவ்வ வைத்து, ராவச் சொல்வார்கள். உள்ளங்கை சிவந்து கொப்புளம் வரும். துண்டு ஒரே சீராகத் தட்டையாக வேண்டும், மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரியில் நிற்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்ப்பார். இடுக்கில் ஒளிக்கோடு தெரிந்தால் மறுபடியும் ராவு. அந்த மூலைமட்டத்துக்குப் பையனின் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது, அவன் அப்பா செய்த வேலையும் தெரியாது.

இன்று இது சாதாரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னரின் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை, அவர் கையிலுள்ள டிராயிங்கில் குறித்த அளவு வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கைத்தொழிலை யார் கற்கலாம், எந்த வயதில் கற்கலாம், அதைக் கற்பதற்காகப் பள்ளிப் படிப்பில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்விக்காகத் தமிழ்நாட்டில் ஓர் ஆட்சியே ஆட்டம் கண்டது. சுதந்திரம், நீதி, கல்வி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் அது. அந்த மோதலுக்குக் கிடைத்த பதிலின் பெரும்பகுதி சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர் முதல் ஆவடி, பூந்தமல்லி வரையிலான பகுதியில் கல்லும் இரும்புமாக நிற்கிறது. பதில் கிடைக்காத மீதியும் அங்கேயேதான் இருக்கிறது.

1953-ல் சென்னை மாநிலத்தின் முதல்வர் ராஜாஜி. அந்த ஆண்டு அவருடைய அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பில் இருந்தால் போதும். ஒரு பிரிவுக்குக் காலையில் வகுப்பு, இன்னொரு பிரிவுக்குப் பிற்பகலில். மீதி நேரத்தில் பிள்ளை தன் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளும். அரசு வைத்த பெயர் 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. மக்கள் நாவில் நின்ற பெயர் 'குலக்கல்வித் திட்டம்'.

ராஜாஜி பக்கத்து நியாயத்தையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் பள்ளிகள் குறைவு, ஆசிரியர்கள் குறைவு, கஜானாவில் பணமும் இல்லை. இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது ஒரு கணக்கு. இன்னொரு காரணம் தத்துவம் சார்ந்தது. மெக்காலே 1835-ல் எழுதிய குறிப்பிலிருந்து வளர்ந்த ஆங்கிலேயக் கல்வி, உடலால் உழைப்பதை இழிவாகப் பார்க்கும் குமாஸ்தாக்களை உருவாக்கியது என்பது விடுதலை இயக்கத்தின் நெடுநாள் குற்றச்சாட்டு. காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, அதற்கு மாற்றாகக் கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தது. காலனியம் தந்த கல்வியிலிருந்து விடுபட்டு நம் மண்ணின் உழைப்புக்குத் திரும்புவது என்று பார்த்தால், அரை நாள் பள்ளிகூட விடுதலைக் குரல்போலத்தான் ஒலிக்கும்.

ஆனால் காந்தியின் திட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. வார்தா திட்டத்தில் தக்ளியும் தறியும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் நூல் நூற்க வேண்டும். 1953 திட்டத்திலோ பிள்ளை பள்ளியை விட்டு வீட்டுக்குப் போனது, தொழிலை வீடு தீர்மானித்தது. வீட்டையோ, நம் ஊரில், சாதி தீர்மானித்திருந்தது. சவரத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் கத்தியைப் பிடிப்பான், சலவைத் தொழிலாளியின் மகள் வெள்ளாவி அடுப்பருகே நிற்பாள். நிலமில்லாத கூலியின் பிள்ளை யாருடைய வயலுக்குப் போகும் என்பதும் ஊருக்கே தெரியும். வக்கீலின் மகன் பிற்பகலில் என்ன செய்வான் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அவன் நகரத்தில் முழுநாள் பள்ளியில் இருப்பான்.

பெரியார் இதைக் கடுமையாக எதிர்த்தார். தி.மு.க. 1953 ஜூலையில் போராட்டத்தில் இறங்கியது. காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

வழக்கமாக இந்தக் கதையை இரு தலைவர்களின் அரசியல் மோதலாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது போதாது. விடுதலை பெற்ற பல நாடுகளும் அந்தக் காலத்தில் திணறிய கேள்வி இதற்குள் இருந்தது: அந்நியன் போன பிறகு யாருடைய பிடியிலிருந்து யாருக்கு விடுதலை?

அம்பேத்கர் இதைச் சுற்றி வளைக்காமல் கேட்டவர். 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, குடியரசு பிறக்கும் நாளில் அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட ஒரு முரண்பாட்டுக்குள் நாம் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை என்று வாதிட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லியிருந்தார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழ் என்று அடுக்குகிறது, விருப்பத்துக்கும் திறமைக்கும் அதில் இடமில்லை என்பது அவர் வாதம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜான் டூயி. பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்பதில் டூயியைப் போல் உறுதியாக இருந்தவர்கள் குறைவு. ஆனால் 1916-ல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் அவரே ஓர் அபாயத்தையும் சொன்னார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கல்வி, வசதியானவர்களுக்கு அறிவுக் கல்வி என்று தனித்தனியே பிரித்தால், இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பள்ளிக்கூடமே பாதுகாத்துக் கொடுக்கும் என்றார்.

அப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா உதாரணமானது. 1953-ல்தான் அங்கே பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கருப்பினப் பிள்ளைகளுக்கு, வெள்ளையர் சமூகத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைக்கு மேல் எந்தப் படிப்பும் தேவையில்லை என்ற எண்ணத்தில் எழுந்த சட்டம் அது. ராஜாஜியின் நோக்கத்தை அந்த நிறவெறி அரசின் நோக்கத்தோடு சமப்படுத்துவது அநியாயம். இருந்தாலும், நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் பிள்ளையின் நாளையை அதன் பிறப்பு எழுதிவிடும் ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தச் சட்டம் காட்டியது.

கானாவில் நடந்தது வேறு கதை. அங்கே மேல்நாட்டு நிபுணர்கள், ஆப்பிரிக்கர்கள் ஏட்டுப் படிப்பைத் துரத்துகிறார்கள், விவசாயக் கல்வியை ஒதுக்குகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார்கள். ஃபிலிப் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் 1965-ல் அதற்குப் பதில் எழுதினார். நல்ல சம்பளமும் பாதுகாப்பும் அலுவலக வேலையில்தான் இருக்கும்போது, ஏட்டுப் படிப்புதான் அந்த மக்களுக்கு உண்மையான தொழில் கல்வி, பெற்றோர் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல என்றார். தான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே 1967-ல் 'தற்சார்புக்கான கல்வி' என்று அறிவித்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பண்ணை வைக்கச் சொன்னபோதும், தங்கள் பிள்ளைகள் மண்வெட்டியிலிருந்து தப்பிக்கத்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்று நினைத்த பெற்றோர் பலர்.

இந்த வாதங்கள் எல்லாவற்றையும்விட, சென்னை மாநிலத்தில் அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஒரு திட்டத்தை எதிர்த்துக் கைவிடச் செய்வது ஒரு வேலை. அதற்குப் பதிலாக ஒன்றைக் கட்டி எழுப்புவது அதைவிடப் பெரிய வேலை.

1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் அகில இந்திய மாநாடு ஆவடியில் கூடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கிடங்குகளும் திறந்தவெளியுமாக இருந்த இடம் அது. மாநாட்டு நகருக்குக் காமராஜர் தன் அரசியல் ஆசான் சத்தியமூர்த்தியின் பெயரைச் சூட்டினார். தலைமை வகித்தவர் யு.என்.தேபர். நேரு முன்னின்று கொண்டுவந்த தீர்மானம், இந்தியாவின் இலக்கு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கிளிப்டவுனில் நிறைவேறிய சுதந்திர சாசனம், கல்வியின் கதவுகள் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டது. ஆவடி அந்த வரிசையில் முதலில் வருகிறது. இன்று சத்தியமூர்த்தி நகரைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர் உலக வரலாற்றின் இப்படிப்பட்ட ஒரு வரியில் இடம்பெறுவது எப்போதும் நடப்பதில்லை.

தீர்மானம் காகிதத்தில் இருந்தது. அதற்குச் சோறும் கரும்பலகையும் சேர்த்தவர், பள்ளிப் படிப்பை இளம் வயதிலேயே விட நேர்ந்த காமராஜர். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அவருக்குத் துணையாக நின்றார். நடந்து போகும் தூரத்தில் பள்ளி, 1956 முதல் மதிய உணவு, பிறகு சீருடை, கட்டணமில்லாக் கல்வி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆவடிக்கு மேற்கே அதே ரயில் பாதையில் இருக்கும் கடம்பத்தூரில் 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர்மக்கள் பெஞ்சும் நாற்காலியும் கடிகாரமும் தட்டுகளும் கொண்டுவந்து தங்கள் பள்ளிக்குக் கொடுக்கும் இயக்கம் அது. பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி 1953-ல் பள்ளி நேரம் பாதியாகக் குறைந்தது. அதே வறுமையில், அதே மாநிலத்தில், ஐந்து ஆண்டுகளுக்குள் பள்ளி முழுநாளாக நின்றது, சோறும் போட்டது.

சோறு போடுவது கல்வித் தத்துவமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1958-ல் ஐசையா பெர்லின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இருவகைச் சுதந்திரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பிறர் குறுக்கிடாமல் இருப்பது. மற்றொன்று, தன் வாழ்வைத் தானே நடத்துவது. பசித்த பிள்ளை பள்ளிக்குப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, ஆகவே அது முதல் வகைச் சுதந்திரத்தோடு வயலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டுச் சோறு அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

இனி, கைத்தொழிலுக்கு வருவோம். குலக்கல்வியை எதிர்த்தவர்கள் கைவேலையை எதிர்க்கவில்லை, கைவேலையைப் பிறப்போடு கட்டிப்போடுவதையே எதிர்த்தார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க ஒரே வழி, தொழிலை வீட்டிலிருந்து வெளியே எடுத்துப் பொது இடத்தில் வைப்பதுதான். மேற்குப் புறநகர் அந்தப் பொது இடமானது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஏற்கெனவே அம்பத்தூரில் இருந்தது. 1959-ல் டன்லப் டயர் ஆலை வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965 முடிவதற்குள் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1960களின் நடுவில், ஏரிப் பாசன வயல்கள் கிடந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேலான நிலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. சத்தியமூர்த்தி நகரில் பாலிடெக்னிக், அம்பத்தூரில் அரசு ஐடிஐ. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம், தொழில் பழகுவோரை எடுத்துக்கொள்வதை ஆலைகளின் கடமையாக்கியது.

இதன் விளைவு என்ன? தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பையன்கள் ரயில் ஏறி வந்தார்கள். டர்னர், ஃபிட்டர், வெல்டர், மோல்டர், கிரைண்டர், டூல் அண்ட் டை என்று புதிய அடையாளங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. இந்தப் பெயர்களில் எதற்கும் சாதி இல்லை, ஏனென்றால் எந்தச் சாதியும் அதற்கு முன் லேத் ஓட்டியதில்லை. ஊரில் கொல்லன், தச்சன், குயவன் என்று தொழிலே சாதியாக இருந்தது. அம்பத்தூரில் தொழில் என்பது ஒரு டிரேட் சர்டிஃபிகேட். அதைப் படித்து வாங்கலாம், வாங்கிய பின் விட்டுவிட்டு வேறொன்றுக்கும் போகலாம், மகனுக்கு அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு ஃபிட்டரின் மகள் நர்ஸ் ஆனாள், இன்னொருவரின் மகன் அதே எஸ்டேட்டில் ஐடி கம்பெனியில் உட்கார்ந்தான். தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் தேர்வுச் சுதந்திரம், ஷிஃப்ட் முடிந்து எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் குடும்பங்களின் வரலாற்றில் இருக்கிறது.

ஆலைக்குள் சாதி செத்துவிட்டது என்று சொன்னால் அது பொய். யார் சூப்பர்வைசர் ஆனார், ஃபவுண்டரியின் அனலில் யார் நின்றார், கழிவறையைச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தால் பழைய அடுக்கின் நிழல் தெரியும். தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது, சொந்த நிலம் இல்லாத கூலிகளுக்கு இழப்பீட்டில் பங்கில்லை. பெண்கள் பல காலம் மிஷின் பக்கமே வரவில்லை, இன்றும் ஃபிட்டர், டர்னர் வகுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஒரு கதவு திறந்தது. பிறப்புக்கும் தொழிலுக்கும் இடையிலிருந்த ஆணி ஓரளவு பிடுங்கப்பட்டது.

அம்பத்தூரின் சைக்கிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுதந்திரத்தைப் புதிதாக விளக்கிய அமர்த்திய சென், தன் கருத்தைச் சொல்ல 1980களில் எடுத்த உதாரணம் சைக்கிள்தான். சைக்கிள் ஒரு பொருள். அதை வைத்திருப்பதும், அதில் ஏறி நினைத்த இடத்துக்குப் போக முடிவதும் ஒன்றல்ல. முக்கியமானது இந்த இரண்டாவது, போக இயலும் நிலை. ஒருவருக்கு என்ன கிடைத்தது என்று எண்ணுவதோடு நிற்காமல், அதைக்கொண்டு அவரால் என்ன ஆக முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று கேட்பதே நீதியின் அளவுகோல் என்றார் அவர்.

இதை எந்தப் பல்கலைக்கழகத்தையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்பலமாக நின்றார். தண்ணீர் எடுக்க, பொருளை விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்த ஆணின் தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. பின்னாளில் மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கும், அடுத்து மாணவர்களுக்கும் அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுத்தது. திருவள்ளூர், பூந்தமல்லி சாலைகளில் காலை எட்டரை மணிக்கு வரிசையாக வரும் அந்தச் சைக்கிள்களை வெறும் இலவசம் என்று சொல்பவர்கள் அதில் வரும் பெண்ணின் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து பார்த்ததில்லை.

ஆனால் சென் சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு. ஒரே பொருள் எல்லோருக்கும் ஒரே அளவு சுதந்திரத்தைத் தருவதில்லை. பார்வையற்ற ஒரு பிள்ளைக்குச் சைக்கிளைக் கொடுத்தால் அது சமத்துவம் ஆகாது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், அதே துறையிலான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. பார்வையற்றவர் என்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது, மெழுகுவத்தி செய்வது, இசை கற்பது என்று சமூகம் நீண்ட காலம் ஒரு தொழில் பட்டியலை எழுதி வைத்திருந்தது. இதுவும் ஒரு வகைக் குலக்கல்விதான். இங்கே குலத்தின் இடத்தில் உடல் நின்றது. பிரெயிலும், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த 4 சதவீத இட ஒதுக்கீடும் அந்தப் பட்டியலைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. பார்வையற்ற பேராசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வழக்கறிஞர்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள்.

நரிக்குறவர் மக்களுக்குக் கதவு திறக்க இன்னும் நேரமானது. ஆவடியில் அவர்களுக்கு ஒரு குடியிருப்பு உண்டு. மணி கோத்து, ஊசி பாசி விற்று, பஸ் ஸ்டாண்டுகளிலும் திருவிழாக்களிலும் பிழைத்தவர்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோக்கூர் குழு 1965-லேயே பரிந்துரைத்தது. 2022-ன் தொடக்கத்தில் ஆவடியைச் சேர்ந்த அந்தச் சமூகத்து மாணவிகள், பள்ளியில் பிற பிள்ளைகள் தங்களை ஒதுக்குவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அந்தப் பேச்சு மாநிலம் முழுக்கக் கேட்டது. ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் அந்தக் குடியிருப்புக்கு வந்தார், ஒரு வீட்டில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டுகள். அதற்குள் அந்தக் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு மணி கோக்கப் போயிருப்பார்கள்? அந்தத் தலைமுறைகளுக்கு எந்தச் சான்றிதழும் எதையும் திருப்பித் தராது. இந்தத் தாமதம் ஓர் அநீதி, அதை அப்படியே சொல்ல வேண்டும்.

பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போனால் செங்கல் சூளைகள். அவற்றில் வேலை செய்யும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒடிசாவிலிருந்து வருபவை. முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு வந்து, சூளை ஓடும் மாதங்கள் முழுதும் அங்கேயே தங்குகிறார்கள். இந்த மாவட்டச் சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பிரேசிலின் பவுலோ ஃபிரையர் 1960களின் தொடக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கூலிகளுக்குப் பாடம் எடுத்தபோது, அரிச்சுவடியை ஒதுக்கிவிட்டு, அவர்கள் அன்றாடம் புழங்கும் செங்கல் போன்ற சொற்களிலிருந்து தொடங்கினார். இந்தச் செங்கலைச் செய்வது யார், இதனால் எழும் வீட்டில் வாழ்வது யார் என்ற பேச்சு அந்த எழுத்துகளோடு சேர்ந்தே வரும். நம் அறிவொளிக்கும் அவர் சிந்தனை உரம் கொடுத்தது. திருவள்ளூர் சூளைகளில் ஒடியா மொழிப் புத்தகங்களோடு பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டது அந்த வழியில் ஒரு நல்ல முயற்சி. ஆனால் சூளைப் பருவத்தில் இங்கே, மழைக்காலத்தில் ஊரில் என்று ஆண்டு இரண்டாக உடைகிற பிள்ளைக்குப் பள்ளியும் உடைந்தே கிடைக்கிறது. 1953-ன் அரை நாள் பள்ளியை எதிர்த்த மாநிலத்தில், இந்தப் பிள்ளைகளின் அரை ஆண்டுப் பள்ளிக்கு எதிராக எந்த மறியலும் நடக்கவில்லை. அவர்களுடைய பெற்றோருக்கு இங்கே ஓட்டு இல்லை.

பழைய வாதம் இப்போது புது வடிவில் திரும்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துவோர் உள்ளிட்ட 18 பாரம்பரியத் தொழில்களைச் செய்வோருக்குப் பயிற்சி, கருவி, குறைந்த வட்டியில் கடன். கைவினைஞர்களுக்கு உதவி தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, வங்கி வாசலில் அவர்கள் அவமானப்பட்டது போதும். ஆனால் பதினெட்டு வயதில், கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளைக்குக் குடும்பத் தொழிலில் கடன் தருவதாகச் சொன்னால் அது எந்தப் பக்கம் இழுக்கும்? தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும் என்று கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால், 2024 நவம்பரில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று எழுதியது. 2025 ஏப்ரலில், பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில், கலைஞர் கைவினைத் திட்டம் என்ற மாற்றுத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதில் 35 வயது நிரம்பியவர் யாரும், எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும், பட்டியலில் உள்ள 25 தொழில்களில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

முப்பத்தைந்து என்ற அந்த எண்ணில் ஒரு தெளிந்த சிந்தனை இருக்கிறது. அந்த வயதில் ஒருவர் ஒரு தொழிலைச் செய்கிறார் என்றால், படிப்புக்கான காலம் முடிந்து, இது தன் வழி என்று தானே நின்றவர். அவருக்கு உதவுவது அவர் தேர்வுக்கு மரியாதை செய்வது. பதினெட்டு வயதுக்காரருக்கு அரசு கொடுக்க வேண்டியது தேர்வதற்கான வாய்ப்பை.

அந்த வாய்ப்பு உண்மையாக இருக்கிறதா என்பதை எஸ்டேட்டில் போய்த்தான் பார்க்க வேண்டும். டன்லப் ஆலை இன்று இல்லை. பல பழைய ஆலைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். மிச்சமுள்ள ஆலைகளிலும் பழைய அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பிறகு கிடைத்த நிரந்தர வேலை அரிதாகி, கான்ட்ராக்ட் முறை பெருகிவிட்டது. டிரேட் சர்டிஃபிகேட்டை நம்பி வந்த தந்தையரின் பிள்ளைகள், அதே படிப்போடு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கிறார்கள். சி.டி.எச். சாலை நெடுகிலும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளின் போர்டுகள். ஃபாஸ்டர் கானாவில் கண்ட பெற்றோரைப் போலவே, எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுபோகும் என்று இந்தப் பெற்றோரும் கணக்குப் போட்டு, கையில் இருப்பதையெல்லாம் கட்டணமாகக் கட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்ட முடியாத வீட்டின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியும் அரசு ஐடிஐ-யும் எவ்வளவு தரமாக இருக்கின்றன என்பதே மிஞ்சும் கேள்வி.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்திருக்கிறது. சிஎன்சி மிஷின்களும் ரோபோ வெல்டிங்கும் பயிற்சிக் கூடங்களுக்குள் வருகின்றன. நல்ல காரியம். அந்த மிஷின்களுக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: எத்தனை பெண்கள், எத்தனை பேர் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து, எத்தனை பேர் சூளையில் பிறந்து இங்கேயே தமிழ் கற்றவர்கள், படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு கான்ட்ராக்ட் அல்லாத வேலை. இந்தக் கணக்கைக் கேட்க அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.